கூரையைப் பிரிக்காமல் ஒரு கட்டியை எடுப்பது

அத்தையால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. முதலில் வந்த புகார் அதுதான். ஐம்பத்தாறு வயதில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு கண்ணாடிக் கடையில் பவரைக் கூட்டிக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு கடை, இன்னொரு கண்ணாடி. இரண்டுக்குமாகச் சேர்த்து நாலாயிரம் ரூபாய் போனது. நூல் மட்டும் ஊசியின் காதுக்குள் போகவில்லை.

பிறகு நிலைப்படியில் தோள் இடிக்கத் தொடங்கியது. இடது தோள் ஒரு நாள், வலது தோள் மறுநாள். மஞ்சக்குப்பத்தில் சாலையைக் கடக்கும்போது பக்கவாட்டில் வந்த பஸ்ஸை அத்தை பார்க்கவே இல்லை. மாமா கையைப் பிடித்து இழுத்துவிட்டு, நடுச்சாலையில் நின்று அத்தையைத் திட்டினார். அன்று இரவு பயந்துபோய் எனக்குத் தொலைபேசியில் பேசியதும் அவர்தான்.

மறுநாள் காலை கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ் பிடித்துத் தவளக்குப்பத்தில் இறங்கிக் கண் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே பார்வைப் புலச் சோதனை என்று ஒன்று செய்தார்கள். வெள்ளை நிறத்தில் பெரிய கிண்ணம் போன்ற ஒரு கருவி. அதற்குள் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் உள்ள புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்னச் சின்ன வெளிச்சம் மின்னும். தெரிந்தால் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அத்தை வெளியே வந்து, மிஷின் பாதி நேரம் சும்மாவே இருந்தது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

மிஷின் சும்மா இருக்கவில்லை. அச்சடித்து வந்த தாளில் இரண்டு வட்டங்கள் இருந்தன. இடது கண்ணின் வட்டத்தில் இடது பாதி கறுப்பு. வலது கண்ணின் வட்டத்தில் வலது பாதி கறுப்பு. குதிரைக்குக் கண்பட்டை கட்டியதுபோல இரண்டு வெளிப்பக்கங்களும் இல்லாமல் போயிருந்தன. கண் மருத்துவர் அந்தத் தாளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, கண்ணில் கோளாறு இல்லை, தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்றார்.

இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வாக்கியத்தால்தான். கண்ணில் கோளாறு இல்லாமல் பார்வை எப்படிப் போகும்? தலையில் உள்ள கட்டியை மூக்கு வழியாக எடுக்கிறார்களாமே, அது எப்படி? அடுத்த மூன்று மாதங்கள் இந்த இரண்டு கேள்விகளோடுதான் அலைந்தேன். நான் மருத்துவர் இல்லை. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு விடை, நரம்புகள் போகும் பாதையில் இருக்கிறது. இரண்டு கண்களிலிருந்தும் புறப்படும் பார்வை நரம்புகள் மூளைக்கு அடியில் ஓர் இடத்தில் சந்திக்கின்றன. அங்கே ஒவ்வொரு நரம்பிலும் சுமார் பாதி இழைகள் மறுபக்கம் தாண்டிப் போகின்றன. அப்படித் தாண்டுகிற இழைகள் எவை என்றால், இரண்டு கண்களின் வெளிப்பக்கக் காட்சியைச் சுமந்து வருபவை. அந்தச் சந்திப்பை அடியிலிருந்து ஏதாவது ஒன்று அழுத்தினால், முதலில் அடிபடுவது இந்த இழைகள்தான். ஊசி விவகாரமும் இதே கணக்குதான். கிட்டத்தில் உள்ள ஊசியை நோக்கி இரண்டு கண்களும் குவியும்போது, ஊசிக்குச் சற்று அப்பால் இருக்கும் இடம் இரண்டு கண்களுக்குமே வெளிப்பக்கமாகிவிடுகிறது. அந்த இடமே தெரியாமல் போகிறது. நூல் எவ்வளவு தள்ளிப் போகிறது என்று அத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்?

அழுத்தியது பிட்யூட்டரி சுரப்பியில் வளர்ந்த கட்டி. சுரப்பி என்னவோ பட்டாணி அளவுதான். எடை ஏறக்குறைய அரை கிராம். தைராய்டுக்கும் அட்ரீனலுக்கும் சினைப்பைக்கும் விதைப்பைக்கும் உத்தரவு போடுவது இதுதான். குழந்தை எவ்வளவு வளர வேண்டும் என்பதும், பெற்றவளுக்குப் பால் எப்போது சுரக்க வேண்டும் என்பதும் இதன் பொறுப்பு. இவ்வளவு அதிகாரம் உள்ள ஒன்றை உடல் சும்மா விட்டுவைக்குமா? மண்டையோட்டின் அடித்தள எலும்பில் குழிவான ஓர் இருக்கை செய்து, அதில் உட்காரவைத்திருக்கிறது. அந்தக் குழிக்கு மருத்துவ நூல்களில் பெயர் துருக்கிக் குதிரைச் சேணம். தலைக்கு நேர் மேலிருந்து அளந்தாலும், பக்கத்திலிருந்து அளந்தாலும், தலையில் இதைவிட உள்ளே தள்ளியிருக்கும் இடம் அதிகம் இல்லை. சேணத்துக்கு மேலே பார்வை நரம்புகளின் சந்திப்பு. இடதும் வலதும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகள், கூடவே கண்ணை அசைக்கும் நரம்புகள்.

கீழே? கீழேயும் முன்பக்கமும் ஒரு வெற்று அறை.

இந்த வெற்று அறையில்தான் கதை திரும்புகிறது. புதுச்சேரியின் பழைய தமிழர் வீடுகளை ஒரு முறையாவது பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். திண்ணை, அதைத் தாண்டினால் ஒடுங்கிய ரேழி, பிறகு முற்றம், அதற்குப் பின்னால் அறைகள். பின்கட்டில் இருக்கும் ஒரு பெட்டியை எடுக்க வேண்டுமானால் இரண்டு வழி உண்டு. கூரை ஏறி ஓட்டைப் பிரித்து, உத்தரத்தை ஒதுக்கி, வழியில் இருக்கும் சாமான்களையெல்லாம் தள்ளிக்கொண்டு இறங்கலாம். இல்லையென்றால் வாசல் வழியாக ரேழியில் நடந்து போகலாம். நம் முகத்தில் மூக்குத் துவாரம்தான் வாசல். மூக்கின் உட்பாதை ரேழி. அது முடியும் இடத்தில் இருக்கும் ஸ்பீனாய்டு சைனஸ் என்ற காற்றறைதான் அந்த வெற்று அறை. அதன் பின்சுவர், பல பேருக்கு முட்டையோடு போல மெல்லிய எலும்பு. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பிட்யூட்டரி. மூக்கின் அடிப்பகுதியிலிருந்து அந்தக் காற்றறையின் வாய் வரைக்கும் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர். உங்கள் ஆள்காட்டி விரலை நீட்டிப் பாருங்கள், அவ்வளவுதான் தூரம்.

தூரத்தைவிட முக்கியமான சங்கதி, வழியில் யார் இருக்கிறார்கள் என்பது. மண்டையைத் திறந்து மேலிருந்து போனால் முதலில் எதிர்ப்படுவது மூளை. அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அடுத்தது பார்வை நரம்பு. அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கட்டி கடைசியில்தான் வரும். நெய்வேலியில் நிலக்கரி எடுக்க மேலே கிடக்கும் மண்ணையெல்லாம் வாரிக் குவிக்கிறார்கள், மண் கோபித்துக்கொள்வதில்லை. மூளை அப்படிப் பொறுத்துக்கொள்ளாது. மூக்கு வழியாகக் கீழிருந்து போனால் எதிர்ப்படும் முதல் ஆளே கட்டிதான். அது பார்வை நரம்பை மேலே தள்ளிவிட்டுத் தானே குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. கட்டியைச் சுரண்டி எடுக்க எடுக்க, மேலே விரைத்துக்கொண்டிருந்த நரம்பு தளர்ந்து தன் இடத்துக்கு இறங்குகிறது. தழும்பு தெரியாது, மொட்டை அடிக்க வேண்டாம் என்பதையெல்லாம் பெரிய லாபமாகச் சொல்கிறார்கள். அவை உபரி. மூளையைத் தொடாமல் போய்வர முடிகிறதே, லாபம் அதுதான்.

கட்டி என்றதுமே வீட்டில் எல்லோரும் புற்றுநோய் என்று நினைத்துவிட்டார்கள். பிட்யூட்டரியில் வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை புற்று அல்ல. உடலின் மற்ற இடங்களுக்குப் பரவுவது அபூர்வம். அத்தைக்கு இருந்தது 26 மி.மீ. 10 மி.மீ.க்கு எட்டிவிட்டாலே பெரிய வகையில் சேர்த்துவிடுவார்கள். அது எந்த ஹார்மோனையும் சுரக்காத ரகம். அதனால்தான் சத்தமில்லாமல் வளர்ந்து, பார்வையில் கைவைத்த பிறகு தெரியவந்தது.

சுரக்கும் ரகங்கள் முன்னதாகவே காட்டிக்கொடுக்கும். வளர்ச்சி ஹார்மோன் கூடினால், பெரியவர்களுக்கு மோதிரம் இறுகும், செருப்பு அளவு கூடும், தாடை முன்னே வரும். கார்டிசால் கூடினால் முகம் உருண்டு, வயிறு பெருத்து, கை கால் மெலிந்து, தோலில் லேசாகப் பட்டாலே கன்றிப்போகும். புரோலாக்டின் கூடினால் குழந்தை பெறாத பெண்ணுக்கும் பால் கசியும், மாதவிலக்கு நின்றுவிடும். இந்தக் கடைசி வகைக்குப் பெரும்பாலும் கத்தியே வேண்டியதில்லை. காபர்கோலின் போன்ற மாத்திரைகளிலேயே கட்டி சுருங்கிவிடும். ஆகவே ஸ்கேனில் கட்டி தெரிந்த மறுநாளே ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது முறையல்ல. ரத்தத்தில் ஹார்மோன் அளவுகளைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரே ஒரு விலக்கு உண்டு. கட்டிக்குள் திடீரென ரத்தம் கசிந்தால், இடி விழுந்ததுபோல் தலைவலி வந்து, சில மணி நேரத்துக்குள்ளேயே பார்வை மங்கும். அப்போது ஒத்திப்போடக் கூடாது, நேராக மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

இதே மூக்கு வாசலில் நுழைந்து வேறு சில கட்டிகளையும் எடுக்கிறார்கள். சேணத்துக்குப் பின்னால் சரிந்து இறங்கும் எலும்பில் வரும் கோர்டோமா, குழந்தைகளுக்கும் வரும் கிரேனியோபாரிஞ்சியோமா, மூளை உறையில் முளைக்கும் மெனிஞ்சியோமாவில் சில. பதின்ம வயதுப் பையன்களுக்கு மூக்கின் பின்பக்கம் வந்து, ஓயாமல் மூக்கில் ரத்தம் கொட்டவைக்கும் ஒரு ரத்தக்குழாய்க் கட்டியும் இந்தக் கணக்கில் சேரும். நெற்றிக்குப் பின்னால் தொடங்கிக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் வரை, நடுக்கோட்டை ஒட்டிய இடமெல்லாம் இந்த வாசலுக்கு எட்டும்.

மூக்கு வழி புதிய யோசனை இல்லை. பழைய எகிப்தில் பிணத்தைப் பாடம் செய்யும்போது இரும்புக் கொக்கியை மூக்கில் விட்டு மூளையை வெளியே எடுத்ததைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். (எங்கள் உறவினர் ஒருவர் இதை எங்கேயோ கேள்விப்பட்டு, ஆபரேஷனுக்கு முதல் நாள் அத்தையிடமே சொன்னார். நலம் விசாரிக்க வருபவர்களில் இப்படி ஒருவர் எப்போதும் இருப்பார்.) உயிரோடு இருப்பவருக்கு இந்தப் பக்கமாகப் போய்ப் பிட்யூட்டரி கட்டியை முதலில் எடுத்தவர் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரில் இருந்த ஹெர்மன் ஷ்லோஃபர். ஆண்டு 1907. அவர் மூக்கையே ஒரு பக்கம் பெயர்த்துத் திருப்பிவைத்துத்தான் உள்ளே போனார். மூன்றே ஆண்டுகளில், வியன்னாவில் காது மூக்கு தொண்டை மருத்துவரான ஆஸ்கர் ஹிர்ஷ், வெளியே வெட்டாமல் மூக்குத் துவாரத்துக்குள்ளேயே வேலையை முடித்தார். அமெரிக்காவில் ஹார்வி குஷிங் மேலுதட்டுக்கு அடியில் கீறி அதே இடத்துக்குப் போனார். 1910 முதல் 1925 வரை 231 பேருக்கு அவர் இப்படிச் செய்ததில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. பெனிசிலின் இல்லாத காலத்தில் இதை நம்பவே முடியவில்லை.

அப்படியும் குஷிங் அந்த வழியைக் கைவிட்டு மண்டையைத் திறக்கும் முறைக்கே திரும்பிவிட்டார். உலகமும் அவர் பின்னால் போனது. காரணத்தை ஒரு சொல்லில் சொல்லிவிடலாம்: இருட்டு. ரேழியின் கடைசியில் நடப்பது வாசலில் நிற்பவருக்குத் தெரியவில்லை. குஷிங்கிடம் கற்றுப்போன நார்மன் டாட் எடின்பரோவில் விடாமல் மூக்கு வழியிலேயே செய்துகொண்டிருந்தார். அவரிடமிருந்து பாரிஸின் ஜெரார் கியோ கற்றார். கியோவிடமிருந்து மான்ட்ரியலின் ஜூல் ஆர்டி கற்று, 1960களில் அறுவைச்சிகிச்சை நுண்ணோக்கியைக் கொண்டுவந்தார். ஒரு வித்தை உலகம் முழுக்க வழக்கொழிந்து, ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்து மறுபடி தழைத்திருக்கிறது. அந்த நூலின் நடுமுடிச்சு பாரிஸில் என்பது புதுச்சேரிக்காரனான எனக்குக் கொஞ்சம் இனிக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து கிளைத்ததுதானே கோரிமேட்டில் நிற்கும் ஜிப்மர்.

நுண்ணோக்கி வந்தும் ஒரு குறை இருந்தது. அது வாசலுக்கு வெளியே நின்று பார்க்கும் கண். நேர்கோட்டில் இருப்பது தெரியும், மூலையில் இருப்பது தெரியாது. அறைக்குள்ளேயே தலையை நீட்டி இடமும் வலமும் பார்க்கும் கண்தான் எண்டோஸ்கோப். அதைச் சாத்தியமாக்கியவர் மருத்துவரே அல்ல. இங்கிலாந்தின் இயற்பியலாளர் ஹெரால்ட் ஹாப்கின்ஸ். குழாய்க்குள் சின்ன லென்ஸ்களுக்கு நடுவே நீண்ட காற்று இடைவெளி விடும் பழைய வழக்கத்தை அவர் தலைகீழாக்கினார். குழாயை நீளமான கண்ணாடித் தண்டுகளால் நிரப்பி, நடுவில் கொஞ்சம்போல் காற்று விட்டார். படம் பளிச்சென்று வந்தது. இன்று மூக்குக்குள் போகும் எண்டோஸ்கோப்பின் பருமன் 4 மி.மீ.; பென்சிலில் பாதியைவிடச் சற்றுக் கூடுதல். நுனி நேராகப் பார்ப்பது ஒன்று, 30 பாகை சரிவாகப் பார்ப்பது ஒன்று, 45 பாகை ஒன்று என்று வைத்திருப்பார்கள். பிட்ஸ்பர்க்கில் ஹே-டாங் ஜோ என்ற நரம்பியல் அறுவைச்சிகிச்சை நிபுணரும், ரிகார்டோ கராவ் என்ற காது மூக்கு தொண்டை நிபுணரும், எண்டோஸ்கோப்பை மட்டும் நம்பிச் செய்த ஐம்பது பேரின் விவரங்களை 1997-இல் வெளியிட்டார்கள். இரண்டு துறைகள் ஒரே மேசையில் கைகோத்த அந்த ஏற்பாடுதான் இன்றைக்கும் நடைமுறை.

கைகோத்தல் என்று சும்மா சொல்லவில்லை. ஆபரேஷனில் நான்கு கைகள் வேலைசெய்யும், வாசலோ இரண்டே துவாரம். முழு மயக்கம் கொடுத்து, மூக்குக்குள் மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து ரத்தக்குழாய்களைச் சுருங்கவைப்பார்கள். அதற்குப் பிறகு வேலையைத் தொடங்குபவர் காது மூக்கு தொண்டை மருத்துவர். ரேழி அவருடைய ஆட்சி. மூக்கினுள் உள்ள மடிப்பு எலும்புகளை ஓரமாக ஒதுக்கி, நடுச்சுவரின் பின்பகுதியில் கொஞ்சத்தை எடுத்து, ஸ்பீனாய்டு அறையைத் திறந்துவைப்பார். பின்சுவர் கண்ணுக்குத் தெரிந்ததும் நரம்பியல் நிபுணர் சேர்ந்துகொள்வார். ஒருவர் கையில் எண்டோஸ்கோப். இன்னொருவர் இரண்டு கையாலும் வேலை செய்வார். கண்கள் எல்லாம் எதிரே உள்ள பெரிய திரையில்.

பின்சுவரை வைரத்தூள் பதித்த சிறு துரப்பணத்தால் தேய்த்துத் தேய்த்து மெல்லியதாக்கித் திறப்பார்கள். இரண்டு பக்கமும் கரோட்டிட் தமனி இருப்பதை மறக்கவே முடியாது. அதற்காக ஒரு சிறு டாப்ளர் கருவியை வைத்து ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எல்லையைக் குறிப்பார்கள். முன்பே எடுத்த ஸ்கேன் படத்தின் மேல், இப்போது கருவியின் நுனி எங்கே நிற்கிறது என்று காட்டும் வழிகாட்டி ஏற்பாடும் இருக்கிறது. ஊருக்குப் போகக் கைபேசியில் வரைபடம் வைத்துக்கொள்வது மாதிரி. பிறகு மூளை உறையைக் கீறினால் கட்டி. பெரும்பாலான பிட்யூட்டரி கட்டிகள் இறுகிப்போன கல் மாதிரி இருப்பதில்லை. கெட்டித் தயிர்போல் மிருதுவாக இருக்கும். வளையம் வைத்த சிறு கரண்டிகளால் சுரண்டி, உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். சில கட்டிகள் நார் நாராக இருந்து அழிச்சாட்டியம் செய்வதும் உண்டு.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் மருத்துவர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். மூக்கு வழியாகத்தானே, சின்ன ஆபரேஷன்தானே என்று மாமா கேட்டார். உள்ளே போவதை நீங்கள் பெரிதாக நினைக்கிறீர்கள், எனக்கு வெளியே வருவதுதான் கவலை என்றார் மருத்துவர். எனக்கு அது அப்போது புரியவில்லை.

மூளையும் தண்டுவடமும் ஒரு தெளிந்த நீரில் மிதக்கின்றன. எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லி. ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவுக்குப் புதிதாகச் சுரந்து, பழையதை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அந்த நீருக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள தடுப்பைத்தான் மூக்கு வழி ஆபரேஷனில் திறக்க வேண்டியிருக்கிறது. கட்டியை எடுத்த பிறகு அங்கே ஓட்டை மிஞ்சினால், நீர் மூக்கில் சொட்டும். நீர் வெளியே வருகிற வழியில் மூக்கில் குடியிருக்கும் கிருமி உள்ளே போகும். மூளைக் காய்ச்சலில் முடியலாம். மண்டையைத் திறந்தால் எலும்பை மறுபடி பொருத்தித் தைத்துவிடலாம். ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழத்தில், கீழ்நோக்கித் திறந்திருக்கும் ஓட்டையை எப்படித் தைப்பது? தண்ணீர்த் தொட்டியின் அடியில் விழுந்த ஓட்டை அது. மேலிருந்து நீர் அழுத்திக்கொண்டே இருக்கும்.

சின்ன ஓட்டை என்றால் வயிற்றிலிருந்து எடுத்த கொஞ்சம் கொழுப்பு, தொடையிலிருந்து எடுத்த தசையுறைத் துண்டு, மேலே திசுப் பசை ஆகியவை போதும். நீர் கசியவே இல்லையென்றால் இதைவிட எளிதாக முடித்துக்கொள்வார்கள். பெரிய ஓட்டைகளில்தான் பல காலம் திண்டாட்டம். ஐந்தில் ஒருவருக்கு மேல் ஒழுகிய நாட்களும் இருந்தன. 2006-இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹதாத், பஸ்ஸகாஸ்டெகி என்ற இருவரின் முறை அச்சில் வெளிவந்தது. மூக்கின் நடுச்சுவரை மூடியிருக்கும் சவ்வை அகலமாக உரித்து, பின்பக்கம் உள்ள அதன் ரத்தக்குழாயை மட்டும் அறுக்காமல் விட்டு, அப்படியே திருப்பி ஓட்டையின் மேல் போர்த்திவிட வேண்டும். பூசணிக்கொடியில் இலையைக் கிள்ளாமல், காம்போடு வளைத்து வேறிடத்தில் படரவிடுவதுபோல. காம்பு வழியாக ரத்தம் ஓடிக்கொண்டே இருப்பதால் சவ்வு வாடுவதில்லை. சில நாட்களில் ஒட்டி வளர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒழுகல் வெகுவாகக் குறைந்து, தேர்ந்த கைகளில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவுக்கு இறங்கியது.

இதைப் படித்தபோது எனக்குச் சுசுருதர் நினைவுக்கு வந்தார். அறுபட்ட மூக்கைச் சரிசெய்ய, மூக்கின் அளவுக்கு ஓர் இலையைக் கத்தரித்து, அந்த இலையளவுக்குக் கன்னத்துத் தோலைக் காம்போடு உரித்துத் திருப்பி ஒட்டச் சொன்னவர் அவர். கன்னத்தைக் கொண்டு மூக்கை மூடினார்கள் அன்று. இன்று மூக்கைக் கொண்டு மூளையின் வாசலை மூடுகிறார்கள். காம்பை அறுக்காதே என்ற விதி மட்டும் மாறவே இல்லை. எல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மார்தட்டும் கோஷ்டியில் நான் சேர்வதில்லை. ஆனாலும் இந்த ஒற்றுமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு அத்தைக்கு மூக்கு இரண்டும் அடைத்துவைக்கப்பட்டிருந்தது. வாயால் மூச்சுவிட்டு நாக்கு வறண்டுபோனது. வலியைவிட அதுதான் பெரிய தொல்லை என்றார். மூடிய வாசல் ஒட்டும்வரைக்கும் கட்டுப்பாடுகள் ஏராளம். மூக்கைச் சிந்தக் கூடாது. குனிந்து கனம் தூக்கக் கூடாது. மலச்சிக்கல் வரக் கூடாது. அதற்கு மருந்தே கொடுத்தார்கள். தும்மல் வந்தால் வாயை நன்றாகத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். வாயை மூடிக்கொண்டு அடக்கினால் அத்தனை அழுத்தமும் மூக்குக்குள் மேல்நோக்கிப் போகும். மரியாதைக்கு முந்தானையால் வாயைப் பொத்தித் தும்மியே பழகிய ஒரு பெண்மணிக்கு இதைக் கற்றுக்கொடுக்க வார்டில் செவிலியர் இரண்டு நாள் போராடினார்.

வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டியவற்றில் மூன்று எங்கள் மனத்தில் ஏறியிருந்தன. தலையைக் குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர்போல் தெளிந்த நீர் சொட்டுகிறதா, தொண்டையில் உப்புக்கரித்துக்கொண்டு இறங்குகிறதா என்பது ஒன்று. சளி என்று விட்டுவிடக் கூடாது. இரண்டாவது, சிறுநீர். பிட்யூட்டரியின் பின்பகுதி அதிர்ச்சியில் ஓய்ந்துவிட்டால், சிறுநீரைக் கட்டிவைக்கும் ஹார்மோன் குறைந்து, மணிக்கு மணி வெள்ளையாகக் கழியும், தாகம் அடங்காது. சர்க்கரை நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் குவளையில் அளந்து எழுதிவைத்தார்கள். மாமா அதை வீட்டிலும் விடவில்லை. பால் கணக்கு நோட்டின் மறுபக்கத்தில் தேதிவாரியாகச் சிறுநீர்க் கணக்கு இருக்கிறது. மூன்றாவதுதான் ஏமாற்றுக்காரச் சங்கதி. எல்லாம் சரியாகி வீட்டுக்கு வந்து, ஏறக்குறைய ஒரு வாரம் ஆன கட்டத்தில் ரத்தத்தில் சோடியம் சரியலாம். தலைவலி, குமட்டல், தூங்கி வழிதல் என்று வரும். பயணக் களைப்பு என்று படுக்கவைத்துவிடுவார்கள். அந்த வாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் பிடித்துவிடலாம். இவை போக, சுரப்பி தேறும்வரை ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால், அதைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தால் மருத்துவரைக் கேட்டு அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். சிலருக்கு ஹார்மோன் மாத்திரைகள் ஆயுளுக்கும் தொடரும்.

எல்லாக் கட்டிக்கும் மூக்கு வாசல் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரோட்டிட் தமனிக்கு வெளிப்பக்கம் பரவியிருந்தால், அல்லது பார்வை நரம்பைத் தாண்டி அந்தப் பக்கம் வளர்ந்திருந்தால், அதைத் தொட ஒரு நரம்பைக் குறுக்கே கடக்க வேண்டிவரும். அங்கே மண்டையைத் திறப்பதே நல்லது. அது பழைய முறை, இது புதிய முறை என்று பார்ப்பது தவறு. அரிதாகத் தமனியே காயப்படுவதும் உண்டு. அந்த ஆபத்தை எண்ணித்தான் அனுபவமுள்ள கைகளைத் தேட வேண்டியிருக்கிறது. மூக்கு மருத்துவரும் நரம்பியல் நிபுணரும் சேர்ந்து செய்கிறீர்களா, இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்க நாங்கள் கூச்சப்பட்டோம். கேட்டபோது அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மருத்துவரிடம் கேள்வி கேட்பதே அவமரியாதை என்றொரு எண்ணம். அதை விட்டால்தான் உருப்படுவோம்.

அத்தையின் கட்டியில் ஒரு சிறு துண்டு இடது தமனியோடு ஒட்டியிருந்தது. அதை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். ஆண்டுக்கொரு முறை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். வளர்ந்தால் கதிர்வீச்சு இருக்கிறது. பார்வை முதலில் தேறியதை அவரேதான் சொன்னார். மூன்றாம் நாள் படுக்கையில் உட்கார்ந்திருந்தவர், நேராகப் பார்த்துக்கொண்டே, ஓரத்தில் நின்ற என்னிடம், சட்டையை மாற்றிக்கொண்டு வந்தாயா என்று கேட்டார். அடுத்த பார்வைப் புலச் சோதனையில் கறுப்பு இரண்டு ஓரங்களுக்கு ஒதுங்கியிருந்தது. மிஷின் இந்த முறை ஒழுங்காக வேலை செய்தது என்றார்.

வாசனைதான் தாமதமாக வந்தது. மூக்கினுள் பொருக்குத் தட்டும். உப்புநீர் விட்டு வாரக்கணக்கில் கழுவ வேண்டும். அதுவரை சாம்பாரும் ரசமும் ஒன்றுதான் என்று சலித்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகக் கடலூர் முதுநகர் வழியாகப் போய்க்கொண்டிருந்தோம். துறைமுகத்துப் பக்கம் திரும்பியதும் கருவாட்டு நாற்றம் பஸ்ஸுக்குள் ஏறியது. அவரவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அத்தை ஜன்னல் கண்ணாடியை மேலே தள்ளி, முகத்தை வெளியே நீட்டி, ஆழமாக மூச்சை இழுத்தார். பிறகு மாமா பக்கம் திரும்பி, நெத்திலி காய்கிறது என்றார்.